டப்பாவுக்குள் ராஜா

சுகந்தி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

எதிரே கட்டம் போட்ட சட்டையில் ஒரு பையன். நடுவில் சதுரங்கப் பலகை. பையனுடைய ராணி, சுகந்தியின் சிப்பாய்க்குக் குறுக்குக் கட்டத்தில் கேட்பாரற்று நின்றது. வெறும் சிப்பாயால் ராணியை வாங்குகிற வாய்ப்பு. ஆறு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும் அது. சுகந்திக்கு ஆறு வயதுதான், அவளுக்கும் தெரிந்திருந்தது. ராணியை நன்றாகப் பார்த்தாள். பிறகு வலது கையை மட்டும் உருவி, வேறெங்கோ ஓரத்தில் இருந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, கையை மறுபடி தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டியை அதன் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்திருந்தார்கள். பந்தி மேஜைகளில் வரிசையாகப் பலகைகள். முந்தின நாள் கல்யாணத்து ரச வாசனை கூடத்தை விட்டு இன்னும் போகவில்லை. பெற்றோரும் பயிற்சியாளர்களும் உள்ளே வரக் கூடாது. ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

என் பக்கத்தில் சுகந்தியின் அப்பா நாச்சிமுத்து நின்றார். சூலூரில் விசைத்தறி போட்டிருப்பவர்.

"ஏனுங்க மிஸ், ராணி சும்மாதானுங்களே நிக்குது. பாப்பா ஏனுங்க வெட்ட மாட்டீங்குது?" என்று கிசுகிசுத்தார்.

எனக்கும் தெரியவில்லை. என்னுடைய வகுப்பு இனி நடக்குமா நடக்காதா என்பது அந்த ஒரு பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை மிஸ்

பம்புசெட் கம்பெனியில் நான் கணக்கு எழுதிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு, "நடுவில் எங்கோ செஸ் மிஸ் என்று ஒரு வார்த்தை வருகிறதே, அது யார்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதுவும் நான்தான். திங்கள் முதல் வெள்ளி வரை பம்புசெட், சனி ஞாயிறு சதுரங்கம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. செஸ் செய்திகள் நாளிதழின் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு நகர்ந்திருந்த சமயம். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மேதை வளர்வதாக அப்பா அம்மாக்களுக்கு நம்பிக்கை வந்திருந்தது. கல்லூரி நாட்களில் மாவட்ட அளவில் நானும் ஆடியவள். சூலூரில் ஒரு நர்சரிப் பள்ளியின் தாளாளர் அம்மாள் மாடி அறையைக் கொடுத்தார். பதினைந்து குழந்தைகள் வந்தார்கள். யாருக்கும் ஏழு வயதுகூட ஆகவில்லை.

முதல் வகுப்பு படுதோல்வி. முறைப்படி எல்லாக் காய்களையும் அடுக்கிவைத்து, யானை நேராகப் போகும், மந்திரி குறுக்கே போவார், குதிரை இப்படித் தாவித் திரும்பும் என்று சொன்னேன். குதிரைக்கு வருவதற்குள் யானையை மறந்துவிட்டார்கள். ராஜாவுக்கு வருவதற்குள் ஒருத்தி தூங்கிவிட்டாள். இன்னொருவன் மந்திரியை வாயில் போட்டுக்கொண்டான். அதை வெளியே எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் தூக்கி மூட்டை கட்டினேன். ஆளுக்கு எட்டுச் சிப்பாய், அவ்வளவுதான். யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க்கரை சேருகிறதோ அவர் ஜெயித்தார். பேர், சிப்பாய் ஓட்டம். அறை அப்படியே அமைதியானது. எதிராளி என்ன செய்வான் என்று யோசிக்கும்போது குழந்தைகளின் நாக்கு வெளியே வரும். பதினைந்து நாக்குகளும் வெளியே வந்துவிட்டன.

அதில் ஊறியபிறகு கடலைக் குதிரை. கட்டங்களில் வறுத்த நிலக்கடலையை அங்கங்கே வைத்துவிடுவேன். குதிரை எந்தக் கட்டத்தில் குதிக்கிறதோ அந்தக் கடலை குழந்தைக்கு. தப்பாகக் குதித்தால் கடலை கிடையாது. குதிரையின் நடையை இதைவிடச் சீக்கிரமாக யாராவது கற்றுக்கொடுத்தால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன். பிறகு ஒற்றை யானைக்கும் ஐந்து சிப்பாய்களுக்கும் சண்டை. பிறகு மந்திரியும் யானையும் மோதல். இப்படி ஒவ்வொன்றாக வரும்.

ராஜா மட்டும் வரமாட்டார். அத்தனை ராஜாக்களையும் ரோஜாப்பூ படம் போட்ட ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்தேன். குழந்தைகள் அதற்கு ராஜா டப்பா என்று பேர் வைத்தார்கள். எனக்கு இதில் அசைக்க முடியாத ஒரு கருத்து உண்டு. ராஜா பலகைக்கு வந்த நிமிஷமே ஆட்டத்தில் பயம் வந்துவிடுகிறது. எந்த நேரத்தில் யார் என்ன செய்வார்களோ என்று குழந்தை ஒளிய ஆரம்பித்துவிடும். முதலில் ஓடத் தெரியட்டும், பிறகு ஒளியக் கற்றுக்கொள்ளலாம்.

இப்படிச் சதுரங்கத்தைச் சின்னச் சின்ன ஆட்டங்களாகப் பிரித்துச் சொல்லித்தருவது வேறு ஊர்களிலும் உண்டென்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன்.

சிப்பாய்கள் அடிக்கடி தொலைந்தன. உக்கடம் பக்கம் மரக் கடைசல் பட்டறை வைத்திருந்த காதர் பாயிடம் போய், நாற்பது சிப்பாய் வேண்டும் என்றேன். "ராஜா எத்தனைங்கம்மா?" என்று கேட்டார். ராஜாவே வேண்டாம் என்றதும் கடைசல் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ராஜா இல்லாம இத்தனை சிப்பாயும் யாருக்குங்க காவலு?" என்றார். நல்ல கேள்வி. சீக்கிரம் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வாங்கிக்கிறேனுங்க

இன்னொரு தொல்லையும் இருந்தது. தன் சிப்பாயை எதிராளி வெட்டி எடுக்கும்போது குழந்தைகளுக்குத் தாங்காது. பிடுங்கிவிட்டான் என்று அழுவார்கள். வெட்டியவன் கையைக் கடித்தவர்களும் உண்டு.

எங்கள் கொங்கு நாட்டு மரியாதையைக் கொண்டே அதற்கு மருந்து போட்டேன். இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தை அம்மா என்பதற்கு அடுத்தபடி பேசுவது 'ங்க' தான். ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் வாங்க, கிளம்பினால் போயிட்டு வாங்க. எதிரியிடமும் அதையே காட்டினால் என்ன?

ஆகவே சட்டம் போட்டேன். வெட்டப் போகிறவர் முதலில் எதிராளியைப் பார்த்து "வாங்கிக்கிறேனுங்க" என்று சொல்ல வேண்டும். காயைப் பறிகொடுப்பவர் அதைத் தன் கையாலேயே எடுத்து, "எடுத்துக்குங்க" என்று அவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும். அதன்பிறகுதான் வெட்டுகிறவர் தன் காயைத் தொடலாம். கேட்காமல் வெட்டினால் அந்த வெட்டு செல்லாது.

அன்றோடு அழுகை நின்றது. பிடுங்கினால்தான் அழுகை வருகிறது, கொடுத்தால் வருவதில்லை. ஐந்து வயதுக்காரன் தன் கடைசிச் சிப்பாயைச் சம்பந்தி வீட்டுக்காரருக்குத் தாம்பூலம் கொடுப்பதுபோல் எடுத்துக் கொடுப்பான். கண்கொள்ளாக் காட்சி அது.

இந்தச் சட்டத்தை எல்லாரையும்விடப் பக்தியாகக் கடைப்பிடித்தவள் சுகந்தி. அவள் சொல்வது மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும். விசைத்தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு மெதுவாகப் பேச வராது. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றித்தான் பால் கேட்டிருப்பாள், பாவம். அவள் 'வாங்கிக்கிறேனுங்க' என்றால் கீழே ரோட்டில் போகிறவர் யாரோ தன்னைக் கேட்பதாக நினைத்து நிமிர்ந்து பார்ப்பார்.

காபி கொடுத்துச் சொன்னது

மூன்று மாதம் ஆனது. ராஜா இன்னும் டப்பாவில்தான் இருந்தார். பெற்றோர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நகரத்தில் வேறொரு பயிற்சியாளர் நாலே நகர்த்தலில் ராஜாவை மடக்குகிற வித்தையை முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிறாராம். இங்கே என்னடாவென்றால் பிள்ளைகள் கடலை தின்றுகொண்டிருக்கிறார்கள்.

நாச்சிமுத்து என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் கசப்பான சேதியைக் காபி கொடுக்காமல் சொல்லமாட்டார்கள். காபி நெம்ப நன்றாக இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம்.

"ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க மிஸ்" என்று ஆரம்பித்தார். "ஒறம்பரை வந்தாங்க. பாப்பா செஸ் படிக்குதுன்னு பெருமையாச் சொன்னேன். சரி கண்ணு, ராஜா எப்படிப் போகும்னு கேட்டுப்போட்டாங்க. அது, ராஜா டப்பாவுக்குள்ள இருக்கறாருங்கன்னு சொல்லுச்சு. நான் மூஞ்சிய எங்கீங்க வெச்சுக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காபியோடு சேர்த்து விழுங்கினேன்.

"கோயமுத்தூர்ல போட்டி வருதுங்க. பாப்பா அதுல ஆடட்டும். ஒரு ஆட்டமாச்சும் ஜெயிச்சுதுன்னா உங்க வழிதானுங்க சரி. இல்லீன்னா நான் அந்த இன்னொருத்தருகிட்டவே சேத்தி உட்டுர்றேனுங்க. எங்க வீதிப் புள்ளைங்க அஞ்சு பேரும் எங்கூடத்தான் வருவாங்க."

அவர் போனால் அவர் வீதி போகும். வீதி போனால் தாளாளர் அம்மாள் மாடி அறையை டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கொடுத்துவிடுவார். அவர் ஏற்கெனவே அந்தப் பேச்சை எடுத்திருந்தார். எனக்கோ வாரத்தில் ஐந்து நாள் பம்புசெட்டைத் தாங்கிக்கொள்ளும் தெம்பே அந்த இரண்டு நாளிலிருந்துதான் வந்தது. அதை விடுவதாக இல்லை.

"சரிங்க. ஆடட்டுமுங்க" என்றேன்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் டப்பாவைத் திறந்து ராஜாக்களை வெளியே விட்டேன். ஓடத் தெரிந்த பிள்ளைகள் அல்லவா, ராஜாவை இரண்டே வகுப்பில் பிடித்துக்கொண்டார்கள். ராஜாவைப் பற்றி ஒரே ஒரு கூடுதல் விதி சொன்னேன். அவரை மடக்கலாம், வாங்கக் கூடாது. மடக்கியதும் ஆட்டம் முடிந்தது, அவர் அவருடைய ஆளிடமே இருப்பார். சுகந்தி மட்டும் "ஏனுங்க மிஸ்?" என்று கேட்டாள். "அவரு அவங்க ஊட்டுக்காரரு கண்ணு. அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

போட்டிக்குப் போனால் பேசக் கூடாது, கம்முனு இருக்க வேண்டும் என்றும் அவளிடம் சொல்லி அனுப்பினேன். கேட்டு வாங்குவதும் பேச்சில் சேர்ந்ததுதான் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

முதுகைத் திருப்பியது

சுகந்தி அன்றைக்கு நாலு சுற்றுத் தோற்றிருந்தாள். எதிரே யார் எப்படி ஆடினாலும், ஒரு காயையும் வெட்டப் போகாமல், பலகையைப் பார்க்காமல் கூடத்தின் மின்விசிறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது இடம், புது முகங்கள். இது கடைசிச் சுற்று.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கூடம் முழுவதும் அதிர ஒரு குரல் கேட்டது. "வாங்கிக்கிறேனுங்க." அத்தனை தலைகளும் திரும்பின. நடுவர் விடுவிடுவென்று நடந்துவந்து, குனிந்து, உதட்டில் விரல் வைத்து அவளிடம் என்னவோ சொன்னார். ஜன்னலுக்கு வெளியே இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. அதட்டுகிறார் என்று மட்டும் புரிந்தது. நீட்டியிருந்த கையை அவள் மெதுவாக இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் கைகளின் மேல் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு ஒரு காயைக்கூட அவள் வெட்டவில்லை. பையன் அவளுடைய குதிரையை எடுத்தான், மந்திரியை எடுத்தான், ஒரு யானையை எடுத்தான். பதிலுக்கு வெட்ட வேண்டிய இடத்திலெல்லாம் இவள் ஏதாவது ஒரு சிப்பாயைத் தள்ளினாள். பையனின் ராணி அதே கட்டத்தில் நின்றது. அவனும் அதைக் கவனிக்கவில்லை.

திடீரென்று சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. வாங்கிக்கிறேனுங்க.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேசக் கூடாது என்றால் கேட்கக் கூடாது. கேட்காத வெட்டு செல்லாது. ஆகவே இந்தக் கூடத்தில் யாரையும் வெட்ட முடியாது. அவளுடைய கணக்கில் ஓட்டையே இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது எனக்கு.

நாச்சிமுத்துவிடம் ரகசியக் குரலில் விஷயத்தைச் சொன்னேன்.

"அட, அவ்வளவுதானுங்களா? வெட்டுன்னு ஒரு சாடை காட்டுங்க மிஸ். உங்களத்தான பாக்குது."

"காட்டக் கூடாதுங்க."

"ஆரு பாக்கறாங்க? நடுவர் அக்கட்டால போயிட்டாருங்க."

"ஆரும் பாக்கலீன்னாலும் காட்டமாட்டேனுங்க."

அவர் முகம் மாறியது. "அப்ப பாப்பா தோத்துப்போயிருமுங்க. நான் சொன்னது சொன்னதுதானுங்க மிஸ். அப்பறம் என்னையக் கொற சொல்லக் கூடாது."

என் முகத்துக்கு ஒளிக்கத் தெரியாது. நினைப்பது அப்படியே எழுதி ஒட்டியதுபோல் தெரிந்துவிடும். அவள் இன்னும் ஒரு நொடி என்னைப் பார்த்தால் என் புருவமே சாடை காட்டிவிடும் என்று தோன்றியது. சட்டென்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். எதிரே மண்டபத்துச் சமையல்கட்டு. யாரோ பெரிய அண்டா ஒன்றைத் தென்னை நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு போகிறது என்று அந்த நிமிஷம் நிச்சயமாக நம்பினேன். டைப்ரைட்டிங் சத்தம்கூடக் காதில் விழுந்தது.

நாச்சிமுத்து ஜன்னலைவிட்டு நகரவில்லை. கோபமாக இருந்தாலும் பெற்ற மனசு, சும்மா இருக்க முடியவில்லை.

"சித்த நேரம் உங்க முதுகையே பாத்துச்சுங்க. இப்பப் பலகைய பாக்குதுங்க" என்றார்.

பிறகு, "ஒரு கைய வெளிய எடுத்துருச்சுங்க" என்றார்.

நான் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உள்ளங்கைய நீட்டுதுங்க மிஸ். அந்தப் பையன்கிட்ட. ராணியப் பாக்குது, அவனப் பாக்குது. வாயே தொறக்கல. அவன் முழிக்கறானுங்க." குரல் உயர்ந்தது. "குடுத்துப்போட்டானுங்க மிஸ். அவனே ராணிய எடுத்து அதும் கையில வெச்சுப்போட்டானுங்க."

திரும்பிப் பார்த்தேன். சுகந்தி வாங்கிய ராணியைப் பக்கத்தில் பத்திரமாக நிற்கவைத்துவிட்டு, சிப்பாயை முறைப்படி அந்தக் கட்டத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். கேட்க வாய் எதற்கு, கை போதுமே என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பையனும் யார் கை நீட்டினாலும் கொடுக்கப் பழகிய நல்ல வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது. பக்கத்தில் வந்து நின்ற நடுவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் மாடி அறை ஆட்டம். கை நீண்டது, யானை வந்தது. கை நீண்டது, மந்திரி வந்தார். பையனுக்கு அந்த நாலு நகர்த்தல் வித்தை மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது, ஐந்தாவது நகர்த்தலில் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சுகந்தியின் சிப்பாய்கள் ஓட ஆரம்பித்தன. மூன்று மாதம் ஓடிய கால்கள் அவை. ஒன்று எதிர்க்கரை சேர்ந்து ராணியானது, அடுத்ததும் ஆனது. இரண்டு ராணிகளும் சேர்ந்து பையனின் ராஜாவைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் மடக்கின.

பையன் பலகையைப் பார்த்தான். கண்களில் நீர் முட்டியது. ஆனாலும் பழகிய பழக்கம், தன் ராஜாவை எடுத்து சுகந்தியின் பக்கம் நீட்டினான்.

சுகந்தி கையை நீட்டவில்லை. நடுவரைத் தேடிப் பிடித்து, ஆட்டம் முடிந்ததா என்று கண்ணால் கேட்டாள். அவர் தலையசைத்தார். அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த குரல் வெளியே வந்தது. நாலு தறி ஒன்றாக ஓடினாலும் அதற்கு மேலே கேட்கிற குரல்.

"ராஜாவ வாங்கறதில்லீங்க. அவரு உங்க ஊட்டுக்காரருங்க. நீங்களே வெச்சுக்குங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தப் பையனும் அழுகையும் சிரிப்புமாக ராஜாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நடுவர்தான் அதைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்தார்.

சூலூர் பஸ்

திரும்பும்போது மூன்று பேருக்கும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. சுகந்தி அப்பாவின் மடியில் தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் ஒரு கை விரிந்தே இருந்தது. சிங்காநல்லூர் தாண்டும்வரை நாச்சிமுத்து டிக்கெட்டுகளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நானாகக் கேட்பதாக இல்லை. ஒரு ஆட்டம் ஜெயித்தாயிற்று, பேச வேண்டியவர் அவர்தான்.

"ஏனுங்க மிஸ்" என்றார் கடைசியில். "அந்த டப்பா இருக்குதுங்களா?"

"எந்த டப்பாங்க?"

"ராஜா டப்பாதானுங்க. புதுசா வர்ற புள்ளைங்களுக்கு மறுக்காவும் ராஜாவ உள்ளார வெச்சு மூடிருவீங்கல்ல?"

"மூடிருவேனுங்க."

"அப்ப சரிங்க. வர்ற சனிக்கிழமை என்ற தம்பி பையனக் கூட்டிட்டு வாரேனுங்க. ஒரு மாதிரி புடிவாதக்காரன். ராஜா எங்கேன்னு கேட்டு உசுர வாங்குவான்." மகளின் விரிந்த கையை மெதுவாக மடக்கிவிட்டார். "அவன் எத்தனை கேட்டாலும் சீக்கிரமாக் குடுத்துப்போடாதீங்க."

கொடுக்கவில்லை. மூன்று மாதமும் கேட்டுக்கொண்டேதான் இருந்தான்.